ஆறு மணிப் பூசை

மூன்றாவது தீவன மூட்டையையும் இழுத்துக் கதவோடு சாய்த்துவிட்டு, யூஜினா மூச்சை அடக்கிக்கொண்டு செவிமடுத்தாள்.

கோழிகள் கத்தவில்லை.

மாலை ஐந்து மணி. தீனி நேரத்தில் தகரக் கூரை அதிரக் கத்தும் எண்ணூறு கோழிகளும் சொல்லிவைத்தாற்போல் அடங்கிவிட, எச்சத்தின் காரநெடியும் காய்ந்த தென்னோலைகள் உரசும் ஓசையும் மட்டும் அறைக்குள் கசிந்தன. அவற்றின் நடுவே ஒரு செருப்புச் சத்தம், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"கதவத் தெறங்க மிஸ்," காவல்காரன் அழகரின் குரல்.

"என்னெண்டு அங்க நிண்டே சொல்லுங்க!"

"ஒண்ணுமில்ல மிஸ். சுருக்கா முடிஞ்சிரும்."

போனில் கேட்டாயிற்று, பொலிஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆகுமாம். சிலாபத்துக்கு அப்பால், அயல்வீடே இல்லாத தென்னந்தோட்டம். கொட்டாஞ்சேனை வீட்டில் தன் பங்கை அண்ணன் ரொனிக்கு எழுதிக் கொடுக்க மறுத்தவள், இனிச் சொந்தக் காலில் நிற்கப்போகிறேன் என்றபோது, இந்தப் பண்ணையைத் தேடிக் குத்தகைக்குப் பிடித்து, அழகரையும் காவலுக்கு வைத்துக் கொடுத்ததே ரொனிதான். "செய்து காட்டடி தங்கச்சி" என்று தலையைத் தடவினான். அன்று அவள் அழுதேவிட்டாள்.

நாலு தடவை போன் அடித்தும் ரொனி எடுக்கவில்லை. அவன் வீட்டுக்கு எதிரே மாதா கோயில் ஒபிஸ். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

எடுத்தது அங்கே வேலை செய்யும் பிறிஜெற் அன்ரி. பின்னால் கொட்டாஞ்சேனை லொறிகளின் ஹோர்ன். யூஜினா போனை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"அன்ரி... ரொனிய ஒருக்கா... அவசரம்..."

கிசுகிசுத்த குரலை அன்ரி ரொனியின் மனைவியுடையது என்று எடுத்துக்கொண்டாள்.

"சாமினியா? அழாதீங்க மகள். ரொனி வந்து சொன்னவர். தங்கச்சிட முப்பத்தோராம் நாள் பூசைய புத்தகத்தில எழுதிட்டன்."

ரொனிக்கு ஒரே ஒரு தங்கச்சி.

"எப்ப... வந்து சொன்னவர்?"

"போன ஞாயிறு. பிந்தினா இடம் கிடைக்காதெண்டு, நாளையும் அவரே எண்ணிக்கொண்டு வந்தவர். ஒக்டோபர் பதினேழு, பின்னேரம் ஆறு மணி. பாவம், பிள்ளைக்கு என்ன நடந்தது?"

மூட்டை நகர்ந்தது. ஒரு அங்குலம். கதவிடுக்கில் நான்கு விரல்கள்.

எண்ணினாள். இறந்த நாளையும் சேர்த்து முப்பத்தொன்று. பின்னோக்கி. ஒக்டோபரில் பதினேழு. செப்டம்பரில் மிச்சம் பதினாலு, கடைசி நாளிலிருந்து. முப்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு...

இன்று செப்டம்பர் பதினேழு.