ஒதுங்கு மாடம்

காளான் என்றால் வாசலைப் பார்த்துத்தான் திரும்பும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் குடையைச் சாய்க்கும். பறித்துப் பறித்து அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. அன்றைக்குத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு குகைக்குள் நுழைந்தவள், ஒரு கையில் வாளியும் மறுகையில் டார்ச்சுமாக அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் தொங்கிய வைக்கோல் பைகள் அத்தனையிலும் காளான்கள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செங்கல் வைத்து அடைத்த கோடியைப் பார்த்து நின்றன. அந்தப் பக்கம் காற்றே கிடையாது. குடையும் விரியவில்லை. வெறும் தண்டு, வெளுத்து, நீண்டு, தண்ணீரில் ஊறிப்போன விரல் மாதிரி. சீ, கருமம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலையில் கல் வெட்டிய காலத்தில் அதை இறக்குவதற்குப் போட்ட ரயில் பாதையின் குகை அது. கல் தீர்ந்ததும் வண்டி நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடைக்குப் போட்டார்கள், ஸ்டேஷன் கட்டடம் கிடங்கு ஆனது, குகை மட்டும் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. இருட்டு, ஈரம், ஒரே சீரான குளிர். காளானுக்கு வேறென்ன வேண்டும் என்று அவள் கணவன் அதைக் குத்தகைக்கு எடுத்தான். பாதையில் வேலை பார்த்த அவனுடைய பெரியப்பா மட்டும் இன்றுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

காரணத்தை அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். குகைச் சுவர் நெடுக ஆள் ஒதுங்குவதற்கு மாடங்கள் உண்டு. வேலைக்கு நடுவே வண்டி வந்தால், புகைக்காக ஈரச் சாக்கை வாயில் அடைத்துக்கொண்டு, மாடத்தில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். வண்டி போனதும் மேஸ்திரி சுவரில் ஒரு தட்டு தட்டுவார். வாயைத் திறக்க முடியாதே, அதனால் ஒவ்வொரு மாடத்திலிருந்தும் பதிலுக்கு ஒரு தட்டு வரும். ஒருநாள் வண்டி ஏற்றத்தில் திணறி உள்ளேயே நின்றுவிட்டது, குகை முழுக்கப் புகை. மேஸ்திரி தட்டினார், தட்டினார், ஒரு தட்டும் திரும்பி வரவில்லை. கல் தீர்கிற சமயம் அது, அதோடு வண்டியை நிறுத்தி அந்தக் கோடியை அடைத்துவிட்டார்கள். எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டார்களா என்று அவள் கேட்டாள். பெரியப்பா எழுந்து போய்விட்டார்.

ஈரம் போகக் கூடாதென்று கணவன் வாசலையும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினான். அதிலிருந்தே ஆள் சரியில்லை. வீட்டுச் சோறு இறங்குவதில்லை. பறித்த காளானைப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்கிறான். கேட்டால், "நல்லா இருக்குடி" என்கிறான். மூச்சில் அழுகின வைக்கோல் நாற்றம். காலையில் அவன் தலையணையில் வெள்ளையாக மாவு உதிர்ந்திருந்தது, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. கட்டின புருஷனைப் பார்த்தே குமட்டுகிறதே என்று அழுதாள், அழுதபடியே உறையைத் துவைத்தாள். இன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயே தீருவது என்று அண்ணனை வண்டியோடு வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏங்க, பறிச்சது போதும். அண்ணன் காத்துக்கிட்டு நிக்குது, வாங்க."

கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தரையில் ஏதோ கொழகொழவென்று செருப்பைப் பிடித்து இழுத்தது. இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தாள்; நாற்றம் நாக்கில் படிந்தது, பாலாடை மாதிரி வழவழவென்று. துப்பினாள். போகவில்லை. வாயை மூடிக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

கூப்பிடத்தான் வழியில்லை என்று, கையிலிருந்த வாளியைச் சுவரில் ஒரு தட்டு தட்டினாள். அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் தட்டினாள். வேறு நினைப்பே இல்லை.

கோடியில் ஒரு தட்டு.

செங்கல் அடைப்புக்கு அந்தப் பக்கம். இரும்புச் சத்தம் இல்லை. ஊறின துணியைச் சுவரில் அறைந்த மாதிரி, மெத்தென்று.

இன்னொன்று. இந்தப் பக்கம்.

அடுத்த மாடம். அதற்கடுத்தது. வரிசையாக. அவளை நோக்கி.

கடைசித் தட்டு அவள் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.

டார்ச்சைத் திருப்பினாள்.

மாடத்தில் அவன். முதுகைச் சுவரில் ஒட்டி, வண்டிக்கு ஒதுங்கினவன் மாதிரி. வாய் நிறைய ஈரச் சாக்கு. கண் திறந்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டு அந்தக் கண் அழுதது. சாக்கின் இழைகளுக்கு நடுவே வெள்ளைத் தண்டுகள். மூக்கிலிருந்து. கண்ணோரத்திலிருந்து. அத்தனையும் அடைத்த கோடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. மூச்சை விட்டாள்.

தண்டுகள் ஒவ்வொன்றாக அவள் வாயைப் பார்த்துத் திரும்பின.