பதினேழாம் தேதியிலேயே நின்ற கம்ப்யூட்டர்

நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தவரைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரீஸ்டார்ட்! எந்தக் கோளாறுக்கும் முதலில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதால், அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியே அவருக்கு வைத்த பெயர். மென்பொருள் கம்பெனியிலிருந்து யாரோ வருவதாகத்தான் சொன்னார்கள். இவரையா அனுப்ப வேண்டும்?

"என்ன பிரச்னை, மேடம்?" என்றார், சுவரைப் பார்த்து.

மேடமாம்... அவளுக்குச் சுருக்கென்றது.

ஐந்து வருடம் முன்பு, இதே போன்ற மழை நாளில், நோயாளிகளின் விவரம் தேடும் மென்பொருளைப் போட வந்தவர்தான். அப்புறம் வாரம் ஒரு எரர், வாரம் ஒரு வருகை. சில எரர்கள் அவளே வரவழைத்தவை; அது அவருக்கும் தெரியும். கடைசியில் அவர் அம்மா பெண் கேட்டு வந்தபோது, "கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவனுக்கா என் தங்கச்சி?" என்று அண்ணன் எடுத்தெறிந்து பேசிவிட்டான். அவள் கதவுக்குப் பின்னால் வாயடைத்து நின்றாள். அவர் மறுவாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரும் போன் பண்ணவில்லை, இவளும் பண்ணவில்லை. வீம்பில் இரண்டு பேரும் சளைத்தவர்களா என்ன?

விஷயத்தை ஒப்பித்தாள். பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் திறக்கிறது. அதே தகவல்களைப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டரில் ஏற்றினால் எரர். பழையதில் பேட்டரி போய்விட்டதால் தினமும் காலையில் தேதியைக் கையால் போட வேண்டும். அன்றைய தேதி போட்டால், உரிமக் காலக்கெடு முடிந்தது என்று மென்பொருள் முரண்டு பிடிக்கும். ஏதாவது பழைய தேதி போட்டால் திறக்கும். அவர் போகும்முன் சொல்லிக்கொடுத்த குறுக்குவழிதான்.

அவர் பழையதில், மென்பொருளைத் திறந்த நாட்களின் பதிவைத் திறந்தார். விரல் நின்றது. ஜன்னலில் மழை மட்டும் சளசளத்துக்கொண்டிருந்தது.

"ஆயிரத்து நூறு தடவை திறந்திருக்கீங்க. எல்லாத்துலயும் பதினேழாம் தேதி. இத்தனையும் ஒரே நாள்ல நடந்ததுன்னா புது வெர்ஷன் ஏத்துக்காது... அதான் எரர்." கொஞ்சம் தயங்கினார். "எந்தப் பழைய தேதி வேணும்னாலும் போட்டிருக்கலாமே?"

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"இந்தத் தேதிப் பதிவுகளை மட்டும் அழிச்சிட்டா சரியாயிடும். சாயங்கால வண்டியில நான் கிளம்பணும். அழிக்கட்டுமா?"

அழித்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும். அவரை வரவழைக்க இனி ஒரு எரர்கூட மிச்சமிருக்காது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றது போதாதா?

"ஒண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அழிங்க," என்றாள். "அது நீங்க முதல்முதல்ல இங்க வந்த நாள். தினமும் காலையில அதைப் போட்டா... நீங்க இன்னும் போகலைன்னு இருக்கும்."

அவர் நிமிர்ந்தார். வந்ததிலிருந்து தவிர்த்த அந்தக் கண்கள், இப்போது நேராக அவளைப் பார்த்தன. ஈரம் மழையினுடையது மட்டுமில்லை.

"உங்க அண்ணன்?"

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன். இந்தத் தடவை கதவுக்கு முன்னால நின்னு பேசறேன். நீங்க மட்டும் மாற்றல் வாங்கிட்டு ஓடாம இருங்க."

அவர் சிரித்துவிட்டார். மிச்சத்தை அழித்து, உரிமத்தைப் புதுப்பித்து, புதுக் கம்ப்யூட்டரில் தகவல்களை ஏற்றினார். தொடங்கும் தேதி என்ன என்று திரை கேட்டது. கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே போடு," என்றார். மேடம் போயிருந்தது.

அவர் போனதற்குப் பிறகு முதல்முறையாக, அவள் இன்றைய தேதியைப் போட்டாள்.