பவுனு பள்ளிக்கூடம் போன வெள்ளிக்கிழமை

“யோவ்… குழந்தைக்கு என்னத்தைக் கொடுக்குற? கையை எடு!”

தலையில் ஈரத்துண்டும் கையில் சீப்புமாக பிரிசில்லா மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தாள். தொம்மலூரின் அந்தக் குறுகலான தெருவில் காலைத் தூறல். வாசலில் ஒரு கழுதை, அதன் பக்கத்தில் ஒருத்தன், அவன் கையில் பால் புகட்டும் பாலாடை. எதிரே அவளுடைய அக்கா மகள் ஷெரின், ஆறு வயசு, வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

“நான்தான் கூப்பிட்டேன் பிரிசி…” என்று பக்கத்து வீட்டு உஷா இழுத்தாள். “எங்க பாப்பாவுக்கு வாங்கினேன். கழுதைப்பால் ஊத்தினா திக்குவாய் சரியாப் போகுமாம். அதான் இவளுக்கும் ஒரு பாலாடை…”

“அக்கா, நீங்க சும்மா இருங்க!” பிரிசில்லா அவன் பக்கம் திரும்பினாள். “பிள்ளைங்க நோவை வச்சுப் பிழைக்கிறீங்களே, வெட்கமா இல்ல? நான் பிளட் டெஸ்ட் லேப்ல வேலை பார்க்குறேன். என்கிட்ட இந்தக் கதையெல்லாம் வேணாம்!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி… விழலாமா வேண்டாமா என்று நின்றது. அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருப்பாள். கோபமே இல்லை. இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சலிப்புதான் இருந்தது.

“வா பவுனு, போலாம்” என்றான். அவளிடம் இல்லை, கழுதையிடம்! திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

“சி… சித்தி” என்று ஷெரின் அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். “அவரு கொ… கொடுக்க மாட்டேன்னுதான் சொன்னாரு. பா… பால் குடிச்சா பேச்சு வராதாம். டா… டாக்டர்கிட்ட போகச் சொன்னாரு.”

போச்சுடா! பிரிசில்லாவின் முகம் சுண்டிப்போனது. அதை அந்த மனுஷனே வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இப்படியா ஒருத்தியைக் குற்றவாளியாக நிற்க வைத்துவிட்டுப் போவது?

ஷெரினின் அம்மாவும் அப்பாவும் குவைத்தில் வேலை பார்க்கிறார்கள். குழந்தை சித்தியிடம் வளர்கிறாள். சனிக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சிக்குப் போய் வருகிறாள், முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் வகுப்பு அதற்காகக் காத்திருக்குமா? போன மாதம், ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டிப் பேசுகிற ‘ஷோ அண்ட் டெல்’லுக்குக் கரடி பொம்மையோடு போய் நின்றவளுக்கு ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. கழுதை மாதிரி முழிக்கிறாளாம், “டாங்கி… டாங்கி…” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல் அதுவே அவள் பெயராகிவிட்டது.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அவள் முறை. ஏதாவது பிராணியைப் பற்றிப் பேச வேண்டும்.

“ந… நான் பவுனைக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் ஷெரின், அன்று ராத்திரி தோசையைப் பிய்த்தபடி.

“கழுதையையா? ஏய், வேற ஏதாவது சொல்லு. மீன், முயல்…”

“டாங்கின்னு கூ… கூப்பிடுறாங்கல்ல? அவங்க டாங்கியைப் பார்த்ததே இல்ல சித்தி. நா… நான் காட்டுறேன்.” கொஞ்சம் நிறுத்தி, தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இந்தத் தடவையும் பே… பேச்சு வரலைன்னா இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்.”

பிரிசில்லாவுக்குத் தெரியும். இவள் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை காரட் வேண்டாம் என்றவள், இன்றுவரை தொட்டதில்லை. இது காரட் விஷயமா? ஒரு குழந்தையின் படிப்பு. சரி… கழுதை என்றால் கழுதை!

ஆனால் அந்தத் தெருவுக்கு அவன் மறுபடி வரவே இல்லை. உஷாவிடம் ஊர் விசாரித்துக்கொண்டு, புதன்கிழமை சாயங்காலம் ஷெரினை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அடுகோடிக்குப் போனாள். “கழுதை வச்சிருக்கிறவர் வீடு எது?” என்று ஒவ்வொரு கடையாகக் கேட்க, ஒவ்வொரு கடையிலும் ஒரு சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அவன் பவுனுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு கம்பெனி கேப். உள்ளே கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர்.

“இன்னாங்க மேடம்… திட்டினது மிச்சம் ஏதாவது இருக்கா?” என்றான் அவன்.

“ஸாரி.” யோசித்து வைத்த பத்து வாக்கியமும் பறந்துபோய் அந்த ஒன்றுதான் வந்தது. “தப்பா நினைச்சுட்டேன். நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க பேச விட்டாத்தானே சொல்றதுக்கு?” என்றான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் ஒளிந்துகொண்டது. கழுதைக்குப் புல் போடுகிறவனை எவளாவது நின்று ரசிப்பாளா? இவள் ரசித்தாள். ரசித்துவிட்டு, சே, என்ன இது என்று தன்னையே அதட்டியும் கொண்டாள்.

பெயர் குணசேகர். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கேப் ஓட்டுகிறான். பால் கொடுக்கப் போவது அப்பா அய்யாவுதான்; மழையில் வழுக்கி விழுந்ததால் மகன் போகிறான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் இறுகிவிட்டது.

“ஸ்கூலா? முடியாதுங்க.”

“ஒரு பத்து நிமிஷம்…”

“எங்க கிளாஸ்ல யாருக்குமே என் பேர் தெரியாது மேடம். கழுதைக்காரன் பையன்… அவ்ளோதான். வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவார். ஒன்பதாவதோட போதும்னு நின்னுட்டேன். இப்ப நானே போய் கழுதையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஸ்கூல் வாசல்ல நிக்கணுமா? எனக்குன்னு ஒரு ரோஷம் இல்லையா?”

பிரிசில்லா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். “நீங்க வரவேணாம். பவுனை மட்டும் கொடுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்” என்று கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பவுனு அசையவில்லை. தள்ளினாள். கெஞ்சினாள். “அம்மா தாயே” என்றாள். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு”, கொஞ்சம் அனுசரிச்சுப் போ என்று கன்னடத்தில்கூடச் சொல்லிப் பார்த்தாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அவளும் விடவில்லை, பவுனும் விடவில்லை. கட்டிலில் இருந்த அய்யாவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஷெரின் மெல்ல குணசேகரிடம் போனாள்.

“அ… அங்கிள். என்னையும் டா… டாங்கின்னுதான் கூப்பிடுறாங்க.”

அவன் அப்படியே நின்றான். அவள் அடுத்த வார்த்தைக்காகப் போராட, எடுத்துக் கொடுக்காமல், அவசரப்படாமல் குந்தி உட்கார்ந்து காத்திருந்தான். பெரியவர்களில் யாரும் அப்படிக் காத்திருந்து பிரிசில்லா பார்த்ததில்லை.

“நா… நான் ஸ்கூலை விடமாட்டேன். பே… பேசிடுவேன். நீங்க வ… வந்தா போதும்.”

அவன் கண்களை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு பிரிசில்லாவின் கையிலிருந்த கயிற்றை வாங்கினான். விரல்கள் பட்டன. இரண்டு பேரும் பட்டதே தெரியாத மாதிரி நடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் கிருஷ்ணப்பா இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“பேடா மேடம், வேணாம்! கத்தெ, கழுதை எல்லாம் உள்ள விட்டா என் வேலை போய்டும்!”

“கிளாஸ் டீச்சர் வீணா மிஸ் பெர்மிஷன் கொடுத்திருக்காங்க சார்!”

“பெட் அனிமல்னு சொன்னீங்க…” என்று வீணா மிஸ் ஓடிவந்தார். “நான் முயல்னு நினைச்சுட்டேங்க! பிரின்சிபால் கண்டிப்பா ஒத்துக்கமாட்டாங்க.”

குணசேகர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். வேனிலிருந்து இறங்கிய பையன்கள் “டாங்கி மேன்! டாங்கி மேன்!” என்று கூவினார்கள். அவன் காது மடல் சிவந்தது. ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். பிரிசில்லா பார்த்தாள்… இவன் இப்போது போய்விட்டால் இவனும் ஷெரினும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம்.

“கழுதை உள்ள வரவேணாம் மிஸ்” என்றாள் அழுத்தமாக. “பிள்ளைங்களை இங்க கூப்பிடுங்க. கேட் பூட்டியே இருக்கட்டும். அவங்க உள்ள, நாங்க வெளிய. எந்த ரூல் தடுக்குது?”

வீணா மிஸ் கிருஷ்ணப்பாவைப் பார்க்க, அவர் தலையைச் சொறிந்தார். தடுக்கிற ரூல் எதுவும் அவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வகுப்பு முழுக்க வந்து கம்பிகளுக்கு உள்ளே நின்றது. வெளியே தூறலில் பவுனு, ஷெரின், குணசேகர். “எந்த பாஷையில வேணா சொல்லு கண்ணா” என்றார் வீணா மிஸ்.

“இ… இது ப… ப… ப…”

அடைத்துக்கொண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரிசில்லா உள்ளங்கையில் நகம் பதிய நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கால் துடித்தது. குணசேகர் தலையை மட்டும் அசைத்தான்… வேண்டாம், காத்திருங்கள்.

அப்போது பவுனு கழுத்தை நீட்டியது. “ஹீ… ஹீ… ஹிக்… ஹீ…” என்று மூச்சை இழுத்து இழுத்துத் திணறி, பிறகு தெருவே அதிர “ஹாஆஆ… ஹீஹாஆஆ!” என்று கத்தித் தீர்த்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷெரினும் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே பேச்சு வந்துவிட்டது.

“பார்த்தீங்களா? பவுனுவும் என்னை மாதிரிதான்! ஆ… ஆரம்பிக்கும்போது திக்கும். அ… அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது!”

 கைதட்டல் எழுந்தது. ஷெரினை அதற்கப்புறம் யார் நிறுத்துவது? பவுனு என்ன தின்னும், எப்படித் தூங்கும், சித்தி இழுத்தும் எப்படி அசையாமல் நின்றது… திக்கித் திக்கி அத்தனையும் சொன்னாள். கடைசியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவரு கு… குணசேகர் அங்கிள். இவரு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

“குட் மார்னிங் குணசேகர் அங்கிள்!” என்று வகுப்பே கூவியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பவுனின் கழுத்தைத் தடவுகிற சாக்கில் அழுதான். அதைப் பார்த்த பிரிசில்லாவும் அழுதாள்.

மணி அடித்தது. ஷெரின் உள்ளே ஓடிவிட்டாள். மழை வலுத்தது. பூட்டிய கடை ஒன்றின் வாசலில் மூன்று பேரும் ஒதுங்கினார்கள், பவுனையும் சேர்த்து.

“அன்னைக்கப்புறம் ஏன் எங்க தெருவுக்கு வரல?” என்றாள்.

“திட்டுவீங்கன்னு பயம்.”

“பொய்.”

“சரி, பொய்தான்.” அவன் மழையையே பார்த்தான். “திட்டினப்போ உங்க கண்ணு… அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. நமக்கு எதுக்குடா இதெல்லாம்னு ஒதுங்கிட்டேன்.”

பிரிசில்லா பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாள். ஆறு வயசுக் குழந்தை ஒரு வகுப்புக்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டாள். இவள் ஒருத்தன் முன்னால் திறக்க மாட்டாளா?

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு குணா. பாவம் பார்த்துச் சொல்லல. நன்றிக்கும் சொல்லல. அவ பேசுற வரைக்கும் காத்திருந்தீங்களே… அப்பவே பிடிச்சுப்போச்சு.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தச் சலிப்பு போன இடம் தெரியவில்லை.

“உங்க அப்பா எங்க இருக்கார்?”

“கோலார் தங்கவயல்ல. எதுக்கு?”

“இந்த ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன். என்ன பண்றேன்னு கேப்பாரு இல்ல? கேப் ஓட்டுறேன்னு மட்டும் சொன்னா மரியாதையாத்தான் இருக்கும்…” ஈரச் சட்டையை நீவிவிட்டு நிமிர்ந்து நின்றான். “ஆனா நான் கழுதைக்காரர் அய்யாவு மகன் குணசேகர்னுதான் சொல்லப்போறேன். உங்களுக்குச் சம்மதமா பிரிசில்லா?”

“சத்தமாச் சொல்லுங்க” என்றாள் அவள், அவன் கையைப் பற்றிக்கொண்டு. “எங்கப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”