எரிச்சேயில் அடித்த வெயில்

திங்கட்கிழமை காலை, போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலேயிருந்த துப்பறியும் அலுவலகத்துக்கு அமலினி ஏறிவந்தபோது, ஷிவானி அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். அழுதழுது இருவர் முகமும் வீங்கியிருந்தது.

"என்ர தங்கச்சி லக்ஷனாவைக் காணேல்லை. சனிக்கிழமை வெளிக்கிட்டவள்..." என்றாள் அமலினி.

துப்பறிவாளர் றோசமலர் அவசரப்படவில்லை. உதவியாளன் பிருந்தாபன் தண்ணீர் வைத்தான்.

லக்ஷனா இத்தாலியின் பலெர்மோ நகரில் கட்டடக்கலை படிப்பவள். ஓய்வு கிடைத்தால் பழைய ஊர், இடிந்த கோட்டை என்று கிளம்பிவிடுவாள். அறைத்தோழி ஷிவானி மொரீஷியஸ்காரி. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பேசுவது கிரியோலும் இத்தாலியனும்.

"பொலிசிட்டைச் சொன்னியளோ?" என்றாள் றோசமலர்.

"ஓம். மெசேஜ் வந்திருக்கு, வளர்ந்த பிள்ளை, வருவா எண்டு அனுப்பிவிட்டினம்."

சனி மாலை லக்ஷனாவின் போனிலிருந்து வந்த செய்தியை அமலினி காட்டினாள். 'சகோதரி, நான் எரிச்சேயில் தங்குகிறேன். கவலைப்பட வேண்டாம்.' கூடவே ஒரு படம்: அந்த மலையூரின் கல் தெருவில், பளீரென்ற வெயிலில் லக்ஷனா சிரித்துக்கொண்டு நின்றாள். அதன்பிறகு போன் அணைந்துவிட்டது.

பிருந்தாபன் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். "உடனை எரிச்சேக்குப் போவம், அக்கா!"

"பொறு. அங்கை ஒரு விடுதிக்குப் போன் அடிச்சு, சனிக்கிழமை வெயிலோ எண்டு கேள்." றோசமலர் அமலினியிடம் திரும்பினாள். "தங்கச்சி உங்களை என்னெண்டு கூப்பிடுவா?"

"அமலு எண்டு. கோவம் வந்தா அக்கா."

பிறகு றோசமலர் ஷிவானியிடம் இத்தாலியனில் கேட்டாள்: "சனிக்கிழமை நீ எங்கே இருந்தாய்?"

"மொண்டெல்லோவில், உணவகத்தில் வேலை. அவளை நான் பார்க்கவேயில்லை."

"இதே சப்பாத்தோடா?"

"ஆமாம். என்னிடம் வேறு இல்லை."

பிருந்தாபன் போனை வைத்தான். "சனிக்கிழமை முழுக்க எரிச்சேயில பனிமூட்டமாம். பக்கத்து வீடும் தெரியேல்லையாம்."

"அப்ப இது பழைய படம்," என்றாள் றோசமலர். "எந்தத் தங்கச்சியும் அக்காவை 'சகோதரி' எண்டு எழுதமாட்டா. இத்தாலியனில 'சொரெல்லா' எண்டு அடிச்சு, போனைக் கொண்டு தமிழாக்கினால் அப்பிடித்தான் வரும். தமிழ் தெரியாத ஆள், தமிழில எழுதினமாதிரிக் காட்டியிருக்கிறா."

அவள் குனிந்து, ஷிவானியின் சப்பாத்து நாடாவிலிருந்து எதையோ பிடுங்கி மேசையில் வைத்தாள். காய்ந்த கோதுமைக் கதிரின் கூர்முனைகள்.

"மொண்டெல்லோவில் மணல் ஒட்டும், ஷிவானி," என்றாள் இத்தாலியனில். "கோதுமை எங்கே விளைகிறது?"

அமலினியின் கைக்குள் இருந்த கை ஐஸ்போலக் குளிர்ந்தது. அமலினிக்கு நம்பமுடியவில்லை. இரண்டு இரவும் தன் தோளில் சாய்ந்து அழுதவள் இவள்.

"பிரிட்சி ஊருக்குப் போகிற வழியில்... இடிந்த பண்ணை வீடு," ஷிவானிக்கு வாய் குழறியது. "மேல்மாடியில் நிற்கிறேன், படம் எடு என்று போனைத் தந்தாள். தளம் உடைந்து நிலவறைக்குள் விழுந்தாள். கூப்பிட்டேன், சத்தமே இல்லை. செத்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் தள்ளினேன் என்பார்கள், என் வதிவிட அனுமதியைப் பறித்து நாட்டைவிட்டு அனுப்புவார்கள் என்று..."

அமலினி கையை உதறினாள்.

றோசமலர் அதற்குள் மீட்புப் படையை அழைத்து இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷிவானி வழிகாட்ட, நால்வரும் காரில் பறந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, தீயணைப்பு வீரர்கள் கயிற்றில் ஒரு தூக்குப்படுக்கையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். லக்ஷனாவின் கால் முறிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. ஈரக் கல்லை நக்கி உயிரைப் பிடித்திருந்தாள்.

"அமலு..." கண் திறந்தவள் தமக்கையின் சட்டையைப் பற்றினாள். "ஷிவானியைப் பாத்தியளோ? நான் முழிக்கேக்கை அவளைக் காணேல்லை. எனக்கு ஆள் கூப்பிடத்தான் ஓடியிருப்பாள். வழியில அவளுக்கு என்னவோ நடந்திட்டுது. அவளைத் தேடுங்கோ, அமலு!"

அமலினி திரும்பிப் பார்த்தாள். காருக்குள் ஷிவானி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிருந்தாபன் எங்கோ வயலைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த றோசமலர், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்த வெடித்த உதட்டில் வைத்தாள்.