ஊமைத்தெள்ளு

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணைப் பார்ப்பதில்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் தெள்ளுவிளக்கைத்தான் பார்ப்பார்கள். செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் அதுதான் வழக்கம்.

விளக்கு என்றால் கண்ணாடிக் குடுவை. குழாய்த் தண்ணீர் அதற்குள் ஓடி, அடியிலுள்ள திருகு வழியாக வெளியேறும். உள்ளே கடுகைவிடச் சிறிய நீர்த்தெள்ளுகள் துள்ளும். தண்ணீரில் ஈயமோ காட்மியமோ கலந்திருந்தால், அந்த விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போட அவற்றின் உடம்பு ஒரு புரதத்தைச் சுரக்கும். சுரந்தால் நீலமாக ஒளிரும்படி அவற்றின் மரபணுவைத் திருத்தியிருந்தார்கள். இருட்டு என்றால் குடிக்கலாம். நீலம் என்றால் புகார் கொடுக்கலாம். நீர்வாரியம் வடிகட்டியை மாற்றித் தரும். கூடவே, புகார் கொடுத்த வீட்டின் பெயரைப் பொதுப் பலகையிலும் போடும்.

அங்கேதான் சிக்கல்.

கோமளவல்லி வீட்டு விளக்கு நீலமாக எரிய ஆரம்பித்ததிலிருந்து, மகள் வேணியைப் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். கோமளவல்லி புகார் கொடுக்கவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினாள். பிறகு சந்தைக்குப் போய் ஊமைத்தெள்ளு கேட்டாள். ஒளிரும் மரபணுவை நீக்கிய வகை. எந்த விஷத்தில் விட்டாலும் மூச்சு விடாது.

"உங்க தெருவுல கடைசியா வர்றது நீங்கதான்க்கா" என்றான் கடைக்காரன்.

அடுத்த வாரமே இரண்டாம் குவிமாடத்திலிருந்து அன்னக்கொடி வந்தாள், மகனோடும், நிறைமாதக் கர்ப்பிணியான மகள் செண்பகத்தோடும். இருட்டு விளக்கைப் பார்த்ததும் அன்னக்கொடியின் முகம் மலர்ந்தது. விருந்தாளிக்கு அவர்கள் கண்ணெதிரே விளக்கிலிருந்துதான் தண்ணீர் பிடித்துத் தர வேண்டும். கோமளவல்லி பிடித்துத் தந்தாள். செண்பகம் ஒரே மடக்கில் குடித்தாள்.

அன்னக்கொடி மறைக்காமல் சொன்னாள். அவர்கள் வீட்டில் போன வருடம் நீலம் எரிந்ததாம். புகார் கொடுத்து வடிகட்டி மாற்றினார்களாம். பலகையில் பெயர் வந்த நாளிலிருந்து ஒருவரும் சம்பந்தம் பேச வரவில்லையாம். கோமளவல்லி பெரிய மனது பண்ணித் தலையசைத்தாள்.

பேச்சு முடிந்தது. இனி தெள்ளு கலக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுத் தெள்ளைப் பெண் வீட்டு விளக்கில் விட்டால்தான் நிச்சயம் உறுதி. கோமளவல்லி இதை மறந்தே போயிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள், வீட்டிலிருந்து தெள்ளு கொண்டுவந்திருந்த, இருட்டாக இருந்த சிமிழை அன்னக்கொடி குடுவைக்குள் கவிழ்த்துவிட்டாள்.

முதலில் ஒரு புள்ளி. பிறகு பத்து. பிறகு கூடம் முழுக்க நீலம்.

வேணி தரையைப் பார்த்தாள். கோமளவல்லிக்குக் காது மடல் சுட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

அன்னக்கொடி சட்டென்று எழுந்து, முந்தானையால் விளக்கை மூடினாள்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. எங்க சனியன் பிடிச்ச தெள்ளு. பழைய விஷம் இன்னும் உடம்புல இருக்கு போல. உங்க சுத்தமான தண்ணியில கொண்டாந்து விட்டு மானத்தை வாங்கிட்டேன்."

அவள் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. கோமளவல்லி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். தொண்டை வரை வந்தது.

"பரவாயில்லை சம்பந்தி" என்றாள். "யாருக்கும் நடக்கறதுதானே."

"உங்க தெள்ளு எவ்வளவு அடக்கமா இருக்கு. எங்க வாங்கினீங்க? நாங்களும் மாத்திடறோம்."

கோமளவல்லி கடைக்கு வழி சொன்னாள். சந்தையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும்.

அன்னக்கொடி தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள். பிரசவம் வரை செண்பகம் இங்கேயே இருக்கட்டுமா? நல்ல தண்ணீர் குடித்தால் பிள்ளைக்கு நல்லதில்லையா?

செண்பகம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு காலி டம்ளரை நீட்டினாள்.

"இன்னொரு டம்ளர் குடுங்கத்தை. நீங்களும் குடிங்களேன், வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு."

விளக்கை மூடியிருந்த முந்தானைக்கு அடியில் கோமளவல்லி கைவிட்டுத் திருகைத் திறந்தாள். டம்ளர் நிறைந்தது.

"எனக்குத் தாகமில்லைம்மா" என்றாள்.