மேயர் வராவிட்டால் யார்?

தாம்பரம் முழுவதிலும் பதவியைப் பார்த்துப் பொறாமைப்படாத ஒரே மனிதன் தான்தான் என்று ஆரோன் கல்லூரி கேண்டீனில் அறிவித்தான். "நாற்காலிக்கு அடிச்சிக்கிறவனைப் பார்த்தா எனக்குப் பரிதாபமா கீது, எபி." ஆரோன் துப்பறிவதை எழுதுவதற்கென்றே வாங்கிய குறிப்பேட்டில் எபி அதையும் எழுதிக்கொண்டான்.

அப்போது டெபோரா மூச்சிரைக்க வந்தாள். மாநகராட்சிக் கூட்டத்தை நடித்துக் காட்டும் போட்டிக்கான கல்லூரியின் மாதிரி மாமன்றத்தில் அவள்தான் மேயர்.

"மேயர் அங்கியைக் காணோம், ஆரோன். மூணு மணிக்கு ஃபைனல். அங்கி இல்லேன்னா மேயர் வரலேன்னுதான் நடுவருங்க எடுத்துப்பாங்க. ஒரு மாசமா இதுக்குத்தான் ராப்பகலா படிச்சேன்."

அங்கி இருந்த அலமாரிக்கு மூன்றே சாவிகள். ஒன்று அவளிடம், மற்றவை துணை மேயர் ஏசுதாசனிடமும் கமிஷனராக நடிக்கும் ராகவேந்திராவிடமும்.

"ஏசுதாசன்தான், மச்சான்," என்றான் எபி. "கவுன்சிலருங்க ஓட்டுப் போட்டப்போ ஒரே ஓட்டுல மேயர் பதவி போச்சு. அன்னிலேருந்து இவ ஏறுற பஸ்ல அவன் ஏறுறதில்ல."

இன்றைக்கு என்ன பேசப்போகிறார்கள் என்று ஆரோன் இருவரிடமும் கேட்டான். ஏசுதாசன் எழுதிவைத்திருந்த தன் பேச்சை நீட்டினான். நான்கு பக்கம். ஒவ்வொரு பத்தியும் 'மாண்புமிகு மேயர் அவர்களே' என்று தொடங்கி டெபோராவைக் கிழித்தது. ராகவேந்திராவிடம் ஒரு சின்ன அட்டைதான் இருந்தது: 'கூட்டத்தைத் தொடங்குகிறேன். தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.'

ஆரோன் மூவரையும் படிக்கட்டில் உட்காரவைத்தான்.

"மேயர் வரலேன்னா துணை மேயர் தலைமை தாங்கணும். அங்க போய் உக்காந்துட்டா ஏசுதாசன் யாரைத் திட்டுவான்? நாலு பக்கமும் வேஸ்ட். இவனுக்கு டெபோரா எதிர்ல இருந்தே ஆகணும்."

ஆரோன் ராகவேந்திராவின் பக்கம் திரும்பினான்.

"வாக்கெடுப்புக்கு விடுறது தலைமை தாங்குறவங்க வேலை. கமிஷனர் கேட்டதுக்குப் பதில் சொல்லலாம், மன்றம் முடிவு பண்ணதைச் செய்யலாம். அவருக்கு ஓட்டே கிடையாது. அப்புறம் இந்த அட்டை உனக்கு எதுக்கு, ராகவேந்திரா? மேயருக்கு அடுத்தது கமிஷனர்னு நினைச்சுட்ட."

ராகவேந்திரா தன் செருப்பைப் பார்த்தான். "எங்கப்பா ஆபீஸ்ல கமிஷனர் வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. இங்க ஃபைல்ல கையெழுத்து நான் போடுறேன், ரிப்பன் அவ வெட்டுறா. நோட்டீஸ் போர்டுல அவ ஃபோட்டோ. வயிறு எரியாதா?"

அங்கி அவன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. பேராசிரியை அமலராணி அவனை அணியிலிருந்து நீக்கினார். டெபோரா அங்கியை உதறிப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினாள்.

எபி ஆரோனைத் தேடிப் போனான். பேராசிரியையின் அறை வாசலில், சட்டையைப் பேண்டுக்குள் செருகியபடி அவன் நின்றிருந்தான்.

"கமிஷனர் இடம் காலியாயிடுச்சே, மேடம்," என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். "ஃபோட்டோ எடுக்கிறப்போ அவர் மேயருக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?"