மகரக்கட்டு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறக்கவே வேண்டாம். அவர் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே மதியம் என்ன சாப்பிட்டார், மாமியாரோடு என்ன சண்டை, எந்தக் கால் செருப்பு அறுந்திருக்கிறது என்பதுவரை புட்டுப் புட்டு வைத்துவிடுவேன். ஒருமுறை வெறும் தும்மலைக் கேட்டே ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று ஊரிலுள்ள கம்பிகளெல்லாம் துக்கத்தில் தொங்கிப்போயின.

"புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்பாள் என் மனைவி. உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பேயே எதிரில் வந்து நின்றாலும் அதற்குக் கல்லீரல் எந்தப் பக்கம் என்று தேடுகிற ஜாதி.

என் தங்கை போன் செய்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வீட்டில் தாயும் மகனும்தான். "பையன் பேச்சையே நிறுத்திட்டாண்ணா. பெரியவங்க யாரையாவது வரச் சொல்லுங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க" என்றாள். ஆனால் சொன்ன குரலில் கவலை இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

மழை மூட்டம் போட்ட ஒரு பிற்பகலில் போய் இறங்கினோம். மரப்படிகள் வைத்த பழைய மாடி வீடு. உள்ளே பகலிலேயே இருட்டு. ஈரச் சுவரின் வாடைக்கு நடுவே குழந்தைப் பவுடர் வாசனை அடித்தது.

குழந்தை இல்லாத வீட்டில்.

மருமகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். போன வருடம் என் வயிற்றில் முட்டி விளையாடிய பயல், இப்போது நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். மேலுதட்டில் பென்சில் கிறுக்கியது போல் மீசை. கன்னமெல்லாம் பரு. திடீரென்று நீண்டுவிட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கடியில் செருகியிருந்தான்.

"என்னடா, கொடிக்கம்பத்தோட போட்டியா? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

"மகரக்கட்டு உடையற வயசு. குரல்வளை வளருது, குரல் மாறுது. கூடப் படிக்கிறதுங்க கேலி பண்ணியிருக்கும். அந்த வெட்கம்தான். இதுக்குப் போய் பஸ்ஸேறி வந்தோம்" என்றாள் மனைவி.

அப்போது மாடியிலிருந்து கேட்டது.

"அம்மா!"

தெளிந்த, மெல்லிய, குழந்தைக் குரல். என் மருமகனின் குரல்! போன வருடம்வரை போனில் என்னைக் கேலி செய்த அதே குரல்.

மருமகன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அவன் வாய் மூடியிருந்தது.

"வரேண்டா கண்ணு" என்றாள் தங்கை, மாடியைப் பார்த்து. சொன்ன அதே நொடியில் பையன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான், யாரோ நெரித்தது போல.

"பக்கத்து வீட்டுக் குழந்தையா இருக்கும்" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியதை இருவருமே பார்த்திருந்தோம்.

தங்கை ஒரு டம்ளர் பாலோடு மாடி ஏறினாள். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா..." ஓட்டுச்சில்லைத் தரையில் தேய்த்தது போன்ற குரல். "நான் வெளிய போயிட்டு வந்தா அம்மா 'என் பிள்ளை எங்கே?'ன்னு கேப்பாங்க. 'இங்கே இருக்கேம்மா'ன்னு நான் சொல்லணும். சின்னதுலேர்ந்து அப்படித்தான். குரல் உடைஞ்ச அன்னைக்கும் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'நீ யாருடா தடியா? என் பிள்ளை எங்கே?'ன்னு இன்னொரு தடவை கேட்டாங்க. விளையாட்டுக்குத்தான் மாமா."

மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"மாடியிலேர்ந்து பதில் வந்துச்சு."

என் தலைமுடியெல்லாம் குத்திட்டு நின்றது. ஒரு வாரத்துக்குச் சீப்பு இறங்கவில்லை என்றால் பாருங்களேன்.

"அம்மா அதுக்குப் பதில் சொல்லச் சொல்ல என் தொண்டை அடைச்சுக்கிட்டே வருது. அப்புறம் எனக்குன்னு குரலே இருக்காது மாமா."

தங்கை காலி டம்ளரோடு இறங்கி வந்தாள்.

"மேல யாரும்மா?" என்றேன்.

"என் பிள்ளை."

"அப்ப இவன்?"

அவள் முகம் சுருங்கியது. "இவன் கதவைச் சாத்திக்கிறான்ணா. தலையைத் தடவினா கையைத் தட்டி விடறான். அது அப்படியில்ல. கூப்பிட்டதும் பேசுது."

'அது' என்று அவளே சொன்னாள்.

எக்ஸ்சேஞ்சில் ஒரே கம்பியில் இரண்டு பேர் குறுக்கிட்டால் நாங்கள் செய்வது ஒன்றுதான்: அழைத்தவரையே மறுபடி கூப்பிடச் சொல்வோம். யார் வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். "அந்தக் கேள்வியைக் கேளு" என்றேன். "இவன் முகத்தைப் பாத்துக் கேளு."

"என் பிள்ளை... எங்கே?"

"இங்கே இருக்கேம்மா!" என்றது மேலே.

மருமகன் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

மரப்படி முனகியது.

சின்னக் கால். இன்னொரு சின்னக் கால்.

படியில் யாரும் இல்லை.

"அந்த அண்ணன் யாரும்மா? போகச் சொல்லு."

தங்கை படியை நோக்கி அடியெடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்; உதறிவிட்டாள். அப்போதுதான் அந்தப் பயல் எழுந்தான். தொட்டாலே சுருங்குகிறவன், கூன் போட்டுக் குனிந்து, அத்தனை உயரத்தையும் மடக்கி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தான்.

"இங்... கே..."

கீச்சென்று தொடங்கி, கரகரவென்று விழுந்து, நடுவில் இரண்டு முறை அறுந்து, எப்படியோ வெளியே வந்தது.

"இங்கே இருக்கேம்மா."

தங்கை படியைப் பார்த்தாள். அப்புறம் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பருவும் மீசையுமாக இருந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நீதாண்டா. நீதான் என் பிள்ளை. மேல யாரும் இல்ல."

காலடி நின்றது. ஒரு விசும்பல் கேட்டது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

நாங்கள் கிளம்பும்வரை பயல் வாயை மூடவில்லை. கழுதைக்கும் தவளைக்கும் பிறந்தது போன்ற அந்தக் குரலை வைத்துக்கொண்டு பாட்டு வேறு பாடினான்.

பஸ்ஸில் நான் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். "படியில வந்தது எவ்வளவு உயரம்ங்கிறே? ரெண்டு கண்ணும் நெருப்பு! நான் ஒரு அதட்டல் போட்டேன் பாரு..."

வழக்கமாக இந்த இடத்தில் மனைவி குறுக்கே வெட்டுவாள். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேன். எதிரொலி, பக்கத்து வீட்டுக் குழந்தை..."

"இல்லீங்க. நடந்தது" என்றாள். "எல்லாமே நிஜமா நடந்தது."

"உனக்கு எப்படி இப்ப திடீர்னு?"

"வாசல்ல செருப்பு மாட்டும்போது என் புடவையைப் பிடிச்சு இழுத்துச்சு. 'அத்தை, நான் இனிமே எங்கே போறது?'ன்னு கேட்டுச்சு." மடியில் இருந்த கையை அவள் மெல்ல மூடிக்கொண்டாள், எதையோ பிடித்திருப்பது போல. "நமக்குத்தான் பிள்ளை இல்லையேன்னு... வான்னு சொல்லிட்டேங்க."